குழுவினர்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் அவரும் நன்றாக இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி? அண்ணி உன்னிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்களா? போனில் நான் ஒன்று சொன்னால் உன் காதில் வேறொன்று விழுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு வேலை ஆக வேண்டும். மகள் வேலைக்குப் போனபோது விட்டுப்போன ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் கூடத்தில் இருக்கின்றன. இப்போது சி.டி. மட்டும் பாடுகிறது. அதோடு ஒரு டர்ன்டேபிள் சேர்க்க வேண்டும். என்ன வாங்குவது, எதை எதில் செருகுவது, எதற்கு ஏமாறக் கூடாது என்று எழுது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவளின் அரை மாதச் சம்பளத்துக்குள் முடிய வேண்டும்.

எந்த ரெக்கார்ட் கேட்கப்போகிறாய் என்று கேட்பாய். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, சின்னது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் எழுது.

உன் தங்கை


ஜனவரி 15

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு குதிக்காத குறைதான். முட்டி விடவில்லை. அண்ணி சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். முப்பது வருஷமாக செட் ரிப்பேர் கடை வைத்திருந்தவனிடம் நம் குடும்பத்தில் யாரும் ஒரு வார்த்தை யோசனை கேட்டதில்லை. நீதான் முதல் ஆள். அதுவும் கடையை மூடிய பிறகு.

முதல் விஷயம், சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கும் மலிவுப் பிளேயர் பக்கமே போகாதே. அதன் முள் பாடவைக்காது, உழும். பழையது வாங்கு. தட்டைக் கையால் சுற்றிப் பார், தடங்கல் இல்லாமல் ஓடி மெதுவாக நிற்க வேண்டும். முள் பிடித்திருக்கும் கையை லேசாக அசைத்துப் பார், லொடலொட என்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடு. பெல்ட் தொய்ந்திருந்தால் கவலையில்லை, புது பெல்ட் ஒரு டீ, வடை செலவுதான். முள்ளை மட்டும் புதிதாகப் போடு.

இரண்டாவது, உன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் 'ஃபோனோ' என்று எழுதிய துளை இருக்கிறதா பார். இல்லையென்றால் நேராகச் செருகாதே. கொசு பாடுவது போல வரும். நடுவில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு ஃபோனோ பெட்டி வைக்க வேண்டும். முள் தரும் சத்தம் ரொம்பச் சன்னம், அதைத் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. சாதாரணப் பெட்டியே போதும்.

மூன்றாவது, டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் மேஜை மேல் வைக்காதே. வேறு மேஜை, ஆடாத மேஜை.

அந்தச் சின்ன ரெக்கார்ட் எது? உனக்குப் பாட்டு என்றாலே ஆகாதே!

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமா?

டர்ன்டேபிள் வாங்கியாகிவிட்டது. பழைய சாமான் கடையில் துணி இஸ்திரிப்பெட்டிகளுக்கு நடுவே கிடந்தது. எங்கள் கடையில் லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் முள்ளைப் பார்த்தேன். ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்தேன். கடைக்காரர், "நாப்பது வருஷ வியாபாரத்துல முள்ளுக்கு வைத்தியம் பாத்து வாங்குற ஆளு நீங்கதாம்மா" என்றார். புது முள், புது பெல்ட், ஃபோனோ பெட்டி எல்லாம் போட்டாகிவிட்டது.

ஆனால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், விடாமல். கையின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது. அவர் அதைத் தொட்டபடியே நிற்கிறார். "பாட்டு முடியற வரைக்கும் நான் நிக்கறேன், நீ கேளு" என்கிறார். இதற்கு வழி சொல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீ செட் கடை வைப்பதற்கு முன் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன், உனக்குத்தான் தெரியும். பதிவில் ஒருவர் குரல் நடுங்குகிறது என்றால், அது எப்போதும் குரலின் கோளாறுதானா? மெஷினின் கோளாறாக இருக்க முடியாதா? முடியும் என்றால், அதைப் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரிந்திருக்குமா, இல்லையா?

யோசித்துப் பதில் எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே சுகம்.

டர்ன்டேபிளிலிருந்து மற்ற வயர்களோடு மெல்லிய தனி வயர் ஒன்று வரும், நுனியில் கவட்டை மாதிரி தகடு இருக்கும். அதுதான் எர்த். ஃபோனோ பெட்டியின் பின்னால் ஒரு திருகு உண்டு, அதில் மாட்டி இறுக்கு. இரைச்சல் போய்விடும். மாப்பிள்ளையை உட்காரச் சொல்.

முள்ளின் அழுத்தம் இரண்டு கிராம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை. வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

எர்த் வயர் மாட்டினேன். இரைச்சல் நின்றது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ரெக்கார்டை வைத்தேன்.

நான் கேட்ட கேள்விக்கு வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய். நல்லது. இனி நானே சொல்கிறேன்.

டிசம்பரில் எங்கள் கடைக்கு ஒரு பழைய ரெக்கார்ட் வியாபாரி வந்தார். ரெக்கார்டின் நடுவில் பொறித்திருக்கும் பொடி எண் அவர் கண்ணுக்குத் தெரியவில்லையாம். படிக்கிற கண்ணாடி போட வந்தவர், சோதித்துப் பார்க்க ஒரு பை நிறைய ரெக்கார்ட் கொண்டுவந்து மேஜை மேல் பரப்பினார். அதில் நாலாவது, நான் பாடிய ஜன்னல் பாட்டு. அதை அவரிடமே விலைக்கு வாங்கிக்கொண்டேன். பாட்டின் பெயர் அச்சில் இருக்கிறது. எழுதியவர் பெயர் இருக்கிறது. பாடியவர் என்ற இடத்தில் 'குழுவினர்' என்று இருக்கிறது.

அந்தப் பாட்டை நான் ஒருத்திதான் பாடினேன். எனக்கு அப்போது வயது இருபது. நீதான் கூட்டிப்போனாய். முதல் நாள் சாயங்காலம் முழுக்க என்னை மூக்கால் மூச்சு விடப் பழக்கியவன் நீ. மறுநாள் இரவு நீ மட்டும் வீட்டுக்கு வந்து சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "குரல் நடுங்குதும்மா. மைக் முன்னாடி நிக்கிற குரல் இல்ல உன்னோடது. டேப்ப அழிச்சுட்டாங்க."

அழித்த டேப் எப்படியடா ரெக்கார்டாக வந்தது?

பதினொரு தடவை போட்டுக் கேட்டேன். நடுங்கவில்லை. ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. எனக்கு வேண்டியவள் என்பதால் சொல்லவில்லை, அந்தப் பெண் நன்றாகப் பாடுகிறாள்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும். மகளைத் தூங்கவைக்கத் தொட்டிலை மட்டும் ஆட்டினேன். "உங்கம்மா ஊமைத் தாலாட்டு பாடுவா" என்று நீயே அவளைக் கிண்டல் செய்திருக்கிறாய். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே செய்திருக்கிறாய்.

இரண்டாவது சரணத்தில் பின்னால் ஒரு ஆண் குரல் ஹம் செய்கிறது. அது யார் என்று எனக்குத் தெரியும். பதில் எழுது.

தங்கை


ஏப்ரல் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு நடுவில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அதனால்தான் தாமதம்.

நீ கோபப்படுவது நியாயம். ஆனால் அந்தக் காலத்தை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். அப்பா உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பாட்டுப் பாடப் போகிறாள், ரெக்கார்ட் கொடுக்கிறாள் என்றால் எவன் கட்டுவான் என்று பயந்தார். "நான் சொன்னா அவ சண்டைக்கு வருவா. நீ பக்குவமா முடிச்சு விடு" என்று என்னிடம் சொன்னார். அப்பா பேச்சைத் தட்ட அப்போது யாரால் முடிந்தது? நீயே சொல்.

உன் நல்லதுக்குத்தான் செய்தோம். உனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல கணவர், நல்ல மகள், கௌரவமான வேலை. ஒரு சின்ன ரெக்கார்டுக்காக முப்பத்துநாலு வருஷத்தைக் கிளற வேண்டுமா? என் காதும் போய்விட்டது. நீ போட்டால்கூட எனக்குக் கேட்காது. அதுவே தண்டனை என்று நினைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணனுக்கு,

உன் காது போனது உன் கடையில் ஸ்பீக்கரை அலறவிட்டதால். அதை என் கணக்கில் வந்த தண்டனையாக நீயே எழுதிக்கொள்ளாதே. தண்டனை என்ன என்று தீர்மானிக்கும் வேலையும் உன்னுடையதா? தப்பும் நீ, தீர்ப்பும் நீ.

அப்பா செத்து பதினாலு வருஷம் ஆகிறது. வந்து மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியம் உனக்கு. எனக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். பிடிக்காததை நடுவீட்டில் நின்று சத்தம் போட்டுச் சொல்வார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். அடுத்தவனை விட்டுப் 'பக்குவமா' முடிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அது வேறு யாருடைய பழக்கம் என்று யோசி.

'உன் நல்லதுக்கு' என்ற வார்த்தையை இனி எனக்கு எழுதாதே. ஒரு குறையும் இல்லை என்கிறாய். கடையில் நாள் முழுக்க மிஷின் இரைச்சலில் நிற்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பார்கள். நான் உதட்டை மூடிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் தெரியாமல் ஒரு வரி வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி, "அக்கா, இன்னொரு தடவை பாடுங்க" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பாவம், அவள் அன்றைக்கு நிஜமாகவே கேட்டிருக்கிறாள்.

பொய்யைத் திருப்பி எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

தங்கை


ஜூன் 3

அன்பான நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழகியவள் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

இரண்டு மாதமாக இந்த வீட்டில் நிம்மதி இல்லை. உன் அண்ணன் எழுதுகிறார், கிழிக்கிறார். கேட்டால் காது கேட்காத மாதிரி இருக்கிறார். கேட்காதது எது, கேட்காத மாதிரி இருப்பது எது என்று எனக்கு வித்தியாசம் தெரியும். குப்பைத்தொட்டியில் கிடந்த துண்டுகளை ஒட்டவைத்துப் படித்தேன். பிறகு உன் கடிதங்களையும் எடுத்துப் படித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

அப்பா சொன்னார் என்று எழுதியிருக்கிறாராம். நேற்று கடைச் சாமான் அலமாரியை ஒழித்தேன். பழைய ரேடியோ சர்க்யூட் புத்தகத்தின் நடுவில் ஒரு கடிதம் இருந்தது. ரெக்கார்ட் கம்பெனி மேனேஜர் இவருக்கு எழுதியது. அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். தேதியைப் பார். அந்த வருஷம் மார்ச். நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்ததே ஜூனில்தான். உனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தது அதற்கும் அடுத்த வருஷம். ஜாதகக் கட்டை என்னிடம்தானே மாமா எடுத்துக் கொடுத்தார்! பாவம், மாமா தலையில் எதற்குப் போட வேண்டும்?

நேற்று இந்தக் கடிதத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இது என்னங்க?" என்று கத்திக்கூடக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். நன்றாகக் காதில் விழுந்தது.

நான் உனக்குப் பரிந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கும் உன் மேல் கோபம் உண்டு. ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னான் என்று வாயைத் தைத்துக்கொள்வாயா? இன்னொருத்தரிடம் போய்ப் பாடிக் காட்டக் கூடாதா? எனக்கு ஆறவில்லை.

உன் அண்ணி

[உள்ளே இருந்தது: "...தங்கள் தங்கை பாடிய பாடல் எல்லோருக்கும் மிகத் திருப்தி. மேலும் நான்கு பாடல்களுக்கு ஏப்ரல் முதல் வாரம் அவரை அழைத்து வரவும். ரெக்கார்டில் அவர் பெயரை எப்படி அச்சிட வேண்டும் என உடனே தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் 'குழுவினர்' என்று போட்டு வெளியிட நேரும்..."]


ஜூன் 8

அண்ணனுக்கு,

கம்பெனிக் கடிதத்தைப் படித்தேன். நாலு பாட்டு.

நீ என் பெயரை எடுக்கச் சொல்லியிருப்பாய் என்று நினைத்திருந்தேன். அதைக்கூடச் செய்யவில்லை. ஒரு தபால் கார்டு போடவில்லை, அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

அண்ணி கேட்டது சரிதான். நான் ஏன் வேறு யாரிடமும் போகவில்லை? சொல்கிறேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். சொன்னவன் நீ. எனக்கு ஆறு வயதில் சுருதி சேர்த்துக் கொடுத்தவன் நீ. உனக்குத் தெரியாதது வேறு எவனுக்குத் தெரியப்போகிறது என்று இருந்தேன்.

இரண்டு காரியம் செய். அந்த ரெக்கார்டில் பாடியது யார் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஏன் செய்தாய் என்று இன்னொரு தாளில் எழுது. அப்பா பெயர் அதில் இருக்கக் கூடாது.

தங்கை


ஜூலை 29

தங்கைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. நேராகச் சொல்கிறேன்.

அந்தக் கூடத்தில் நான் வயர் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தது பாடுவதற்காக. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று முறை குரல் சோதனைக்கு நின்றேன். மூன்று முறையும் "பாப்போம்ப்பா" என்றார்கள். உன் பாட்டு பதிவான அன்று ஹம் செய்ய வேண்டிய ஆள் வரவில்லை. என்னை நிறுத்தினார்கள். மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி, உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

முடிந்ததும் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். டேப்பைப் போட்டுக் கேட்டார்கள். பதிவு செய்கிறவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்றார். "என் தங்கச்சி சார்" என்றேன். உண்மையில் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லையே, உங்க வீட்ல ஒருத்தருக்காவது குரல் இருக்கே" என்றார். தபலாக்காரர், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் நீ சாப்பிடாமல் காத்திருந்தாய். "என்னண்ணா சொன்னாங்க?" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு ராத்திரி இவளும் என்னைப் போலத் தூங்காமல் கிடக்கட்டும், காலையில் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் நீ பாட்டு நோட்டைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? கம்பெனிக் கடிதம் வந்தபோது பதில் எழுத உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதினால் நான் செய்தது வெளியே வந்துவிடும். கிழிக்கவும் மனம் வரவில்லை. புத்தகத்துக்குள் வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிடும்.

மன்னிப்புக் கேட்கிறேன். கொடு என்று கேட்கவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அண்ணனுக்கு,

இரண்டு தாளும் கிடைத்தன.

ஒன்றை ரெக்கார்ட் வியாபாரியிடம் காட்டினேன். புதுக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "அம்மா, நீங்களா?" என்று எழுந்து நின்றுவிட்டார். தன் பட்டியலில் 'குழுவினர்' என்று இருந்ததை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பக்கத்து மேஜைக்காரியிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எதற்கு என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

இன்னொரு தாளை நாலு நாள் வைத்துப் படித்தேன். இதில் பொய் இல்லை. அது தெரிகிறது. ஆனால் கோபம் போகவில்லை. முன்பு யார் மேல், எவ்வளவு என்று தெரியாமல் இருந்தது. இப்போது அளவு தெரிந்த கோபம். ஒருவன் உன்னைப் பார்த்துச் சிரித்தான், அதற்கு நீ என்னைப் பிடித்தாய். அவன் ஹெட்போனை உடைத்திருந்தால் உனக்கு வேலை மட்டும் போயிருக்கும்.

போன ஞாயிறு அவர் வெளியே போன நேரம் ரெக்கார்டைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து பாடிப் பார்த்தேன். கதவைச் சாத்தவில்லை. பல்லவி வந்தது. சரணத்தில் அந்தப் பெண் மேலே ஏறுகிறாள், எனக்குக் குரல் உடைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி உடைந்தது. டர்ன்டேபிளின் ஓரத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் குமிழ் ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளினேன். சுருதி இறங்கியது, என்னால் கூடப் பாட முடிந்தது. ஆனால் அந்தப் பெண் களைத்துப்போனவள் மாதிரி பாடினாள். எனக்காக அவளை இழுத்துக் கீழே கொண்டுவருவதா? குமிழைப் பழையபடி வைத்துவிட்டேன். அவள் அவளுடைய சுருதியில் பாடட்டும் என்று வாயை மூடி உட்கார்ந்தேன். முடிந்த பிறகு, எனக்கு எந்தச் சுருதி வருகிறதோ அதில் தனியாக ஒருமுறை பாடினேன். சுமாராக இருந்தது.

எனக்கு வயது ஐம்பத்துநாலு. குரல் உடைவது வயதாலா, முப்பத்துநாலு வருஷம் பாடாததாலா? அந்த நாலு பாட்டோடு நான் நின்றிருப்பேனா, நாற்பது பாடியிருப்பேனா? ஒருவேளை இரண்டாவது பாட்டிலேயே வேண்டாம் என்று அனுப்பியிருக்கலாம். அதுவும் நடந்திருக்கலாம். உனக்கு மூன்று முறை 'பாப்போம்' என்று சொன்னார்கள். எனக்கு அந்த 'பாப்போம்'கூடக் கிடைக்கவில்லை. உன்னால் எதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தாலும் அதைக் கொடுக்க முடியாது.

இப்போதைக்கு இங்கே வராதே. வரலாம் என்று எனக்குத் தோன்றினால் நானே எழுதுவேன். தோன்றாமலும் போகலாம்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். முட்டிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

உன் தங்கை